இடது பக்கத் தாகம்

இரட்டை எஞ்சின் படகில் இடது டாங்க் மட்டும் சீக்கிரம் காலியாகிறது என்றால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம். கொழுந்தன் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்: "அண்ணன் குடிக்கிறார்."

அண்ணன் என்றால் அவளுடைய கணவன். பயணிகளை அக்கரை சேர்க்கும் அந்தப் படகை ஓட்டிக்கொண்டிருந்தவன், போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடினான். மறுவாரமே கொழுந்தன் வெள்ளைச் சட்டையின் தோளில் தங்கப் பட்டை வைத்துக்கொண்டு கேப்டன் ஆனார். பட்டை தைத்தவர் தையல்காரர். பதவி கொடுத்தவரும் அவரே.

பேய் பிடித்த படகு, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்பது கேப்டனின் கட்சி. அவளுக்கோ சோறு போடுவதே அந்தப் படகுதான். ஆனால் அவளும் அதைக் கேட்டிருந்தாள். வேகம் பிடித்ததும் பலகைக்கு அடியிலிருந்து எழும். ம்ம்ம்... ம்ம்ம்... பக்கத்தில் படுத்திருந்தவனின் மூச்சு அப்படியே. அவன் ஓட்டிய காலத்தில் படகில் அந்தச் சத்தம் இருந்ததில்லை.

மெக்கானிக் பேயை நம்பாதவர். தன்னைத் தவிர எதையுமே நம்பாதவர். ஃபில்டரை மாற்றினார், தாகம் குறையவில்லை. இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினார், அப்போதும் இல்லை. புரொப்பெல்லரில் வலை சுற்றியிருக்கிறது என்று அடித்துச் சொல்லி ஆளை இறக்கினார். புரொப்பெல்லர் பளபளவென்று இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் கேப்டன், அண்ணன் பரீட்சையில் தேறியதுபோல.

கடைசியில் ஓடவிட்டே பார்த்துவிடுவது என்று மூவரும் படகை எடுத்தார்கள். எஞ்சின் வேகம் காட்டும் இரண்டு மீட்டர்களின் முள்ளும் ஒரே எண்ணில் நிற்கும்வரை கேப்டன் இடது லிவரை முன்னே தள்ளினார். அடியில் மூச்சு கிளம்பியது.

"லிவர் ரெண்டும் ஏன் சமமா இல்ல?" என்றார் மெக்கானிக்.

"முள்ளு சமமா இருக்குல்ல. லிவரைப் பாத்தா ஓட்டுவாங்க?"

மெக்கானிக் கையடக்க மீட்டரோடு எஞ்சின் அறைக்குள் இறங்கினார். ஏறி வந்தபோது முகத்தில் வியர்வையோடு கொஞ்சம் அசடும் வழிந்தது.

"இடது முள்ளு குறைச்சுக் காட்டுது. நீங்க அதை நம்பித் தள்ளித் தள்ளி, அந்த எஞ்சினைத் தலைதெறிக்க ஓட விட்டிருக்கீங்க. அது குடிக்காம என்ன செய்யும்?"

"அப்ப அண்ணன் எப்படி ஓட்டினாராம்?"

"அவரு மீட்டரைப் பாத்து நான் பாத்ததில்ல," என்றாள் அவள். "காதாலதான் ஓட்டுவாரு."

கேப்டன் விடவில்லை. "சரி, அந்தச் சத்தம்?"

"ரெண்டும் வேற வேற வேகத்துல ஓடினா, சத்தம் அப்படித்தான் ஏறி இறங்கும். சமமாக்கினா போயிடும். நீங்களே இழுங்கம்மா. மெதுவா."

அவள் இடது லிவரைப் பின்னால் இழுத்தாள். சட்டென்று நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள். நிற்கவில்லை, நீண்டது. ம்ம்ம்... பிறகு வெகுநேரம் கழித்து இன்னொரு ம்ம்ம். கட்டிலருகே உட்கார்ந்து அவள் பார்த்ததும் இதுதான். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. கை நின்றுவிட்டது.

"இன்னும் ஒரு நூல்," என்றார் மெக்கானிக்.

இழுத்தாள். ஒன்று வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். வரவில்லை. இரண்டு எஞ்சினும் ஒரே குரலில் ஓடின.

"அண்ணன் போயிட்டாரா, அண்ணி?" என்று கேட்டது கேப்டன் அல்ல, தம்பி.

அவள் லிவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"படகை விக்க வேண்டாம். நாளையிலேர்ந்து நானே ஓட்டறேன்."

கொழுந்தன் தலையாட்டினார். அக்கரையைத் தொட்டுப் படகைத் திருப்பியவள், சுக்கானை விட்டு விலகி நின்றாள்.

"வாங்க தம்பி. கரை வரைக்கும் நீங்க ஓட்டுங்க."

"நான் ஓட்டினா மறுபடியும் அந்தச் சத்தம்..."

"முள்ளைப் பாத்தே ஓட்டுங்க," என்றாள்.