தோளில் பெட்டி

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவள் நகர ஆவணக் காப்பகத்தில் சம்பளமில்லாத வேலைக்குச் சேர்ந்தாள். "நம்ம வீட்டுப் பரணை ஒதுங்க வைக்க ஆளில்ல, ஊர்ப் பரணைத் தூசி தட்டப் போறாங்களாம்" என்றார் கணவர். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பழைய புகைப்படங்களின் முதுகில் பென்சிலால் எண் எழுதி உறையில் போடுவது அவள் வேலை. பல வருஷங்களுக்கு முன் ஊரை மூழ்கடித்த பெருவெள்ளத்தின் படங்களை மட்டும் பெரிதாக்கி, முன்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

ஒரு முற்பகலில் விளக்கைப் பழுதுபார்க்க எலக்ட்ரீஷியன் ஒருவர் உள்ளே வந்தார். தலையில் பாதி நரை. ஒரு படத்தின் முன்னால் நின்றவர் நகரவேயில்லை. உடைந்த கடையிலிருந்து, இடுப்பளவு தண்ணீரில், தோளில் பெட்டியோடு ஒரு மனிதர் வெளியே வரும் படம். 'வெள்ளத்தில் கொள்ளை' என்று அன்றைய பத்திரிகை போட்ட தலைப்பும் அடியில் இருந்தது.

"இதைக் கழட்டிடுங்க" என்றார். "இது எங்கப்பா."

காப்பகப் பொறுப்பாளர் எழுந்து வந்தார். "கழட்ட முடியாதுங்க. ஆளாளுக்குப் பிடிக்காததை எடுத்துக்கிட்டே வந்தா கடைசியில சுவருதான் மிஞ்சும்."

"உங்கப்பாவா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

குரல் உயர்ந்தது. கோபத்தில் இருப்பவரை முதலில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவளுக்கு ஆஸ்பத்திரி வார்டில் படிந்த பழக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றாள்.

"மொட்டை மாடியில கிடந்தோம். தம்பி கைக்குழந்தை. அம்மாவுக்குப் பால் வத்திப்போச்சு. அந்தப் பெட்டியில இருந்தது பால் பவுடர். அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்கும் அதைத்தான் கரைச்சுக் கொடுத்தாங்க. இதுக்குப் பேரு கொள்ளையா?"

அவள் பொறுப்பாளரைப் பார்த்தாள். அவர் படத்தின் அடியிலிருந்த தலைப்பை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

"இதை உங்க குரல்லயே பதிவு பண்ணி, படத்துக்குப் பக்கத்துலயே வைக்கலாமா?" என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டாள். அவர் சரியென்றார். பொறுப்பாளரும் தலையசைத்தார்.

அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். "எனக்கு அப்போ விவரம் தெரியாத வயசு. இவதான் எல்லாம் பார்த்தவ."

ஒலிப்பதிவுக் கருவி ஓடியது. அவர் சொல்வதையெல்லாம் அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "பால் பவுடர் இருந்தது நிஜம்தான்டா. அடியில ஒரு ரேடியோவும் இருந்துச்சு."

அவர் முகம் சுருங்கியது. "என்னக்கா சொல்ற?"

"அப்பா யாருக்கும் தெரியாம துணியைப் போட்டு மூடி வச்சிருந்தார். நான் பார்த்துட்டேன். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல."

பதிவு செய்துகொண்டிருந்த நர்ஸ் கருவியை நிறுத்தினாள். "இதை அழிச்சுடட்டுமா?" என்று கேட்டாள். கேட்டபின் அவளுக்கே சங்கடமாயிருந்தது. படத்தைக் கழற்ற மறுத்த இடத்தில், சொன்னதை அழிக்கத் தானே துணிந்துவிட்டோமே என்று தோன்றியது.

அவர் தலை குனிந்தார். விரல்கள் நாற்காலிக் கையில் காய்ந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

"வேணாம்" என்றார் கடைசியில். "பாலைச் சொல்லிட்டு ரேடியோவை மறைச்சா, நானும் அந்தப் பத்திரிகைக்காரன் மாதிரி பாதியைத்தானே சொன்னதா ஆகும். அக்கா சொன்னதும் இருக்கட்டும்."

நர்ஸ் மறுபடி கருவியை ஓடவிட்டாள்.

"அந்த ரேடியோ என்னாச்சுக்கா?"

"தண்ணி புகுந்திருந்துச்சுடா. அப்பா திருகித் திருகிப் பார்த்தார். கடைசிவரைக்கும் பாடவே இல்ல."

முதலில் சிரித்தது அவர்தான். அக்காவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இரண்டும் பதிவாகிக்கொண்டிருந்தன.