கத்தரிப்பூ நிறப் புள்ளி

அந்த லேப்டாப்புக்கு இடம் பார்த்துக் காலை வாரும் குணம் இருந்தது. தம்பியின் கடை மேசையில் வைத்தால் பரம சாது. படம் ஓட்டு என்றால் ஓட்டும், பாட்டுப் பாடு என்றால் பாடும். அக்கா அதைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய், வகுப்பில் விரித்து, பேராசிரியர் தொண்டையைச் செருமி, அவளுடைய விரல்களும் வேகம் பிடித்த பிறகுதான் அதற்குச் சாவு வரும். திரை நீலமாகும், என்னவோ கோளாறு என்று மன்னிப்புக் கேட்கும், அணைந்துவிடும்.

அக்காவின் வேலை தட்டச்சு. ஆனால் சும்மா பார்த்து அடிக்கிற தட்டச்சு இல்லை. காது கேளாத மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் பேசுவதைப் பேசுகிற வேகத்திலேயே அடிக்க வேண்டும். அது மாணவர் முன்னால் இருக்கும் சின்னத் திரையில் பெரிய எழுத்தாக ஓடும். பல வருடம் வீட்டில் உட்கார்ந்து ஒலிப்பதிவுகளைக் கேட்டு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இது கிடைத்தால் நிரந்தர வேலை. கல்லூரியில் அவளைப் பரீட்சார்த்தமாக வேதியியல் படிக்கும் ஒரு பெண்ணோடு உட்கார வைத்திருந்தார்கள். லேப்டாப் மட்டும் சொந்தமாகக் கொண்டு வர வேண்டும் என்பது அவர்களுடைய ஏற்பாடு.

கை என்னவோ பேய்க் கை. பாடத்தை மட்டுமல்ல, நடுவில் பேராசிரியர் விடும் அசட்டு ஜோக்குகளையும், பின்பெஞ்சு முணுமுணுப்பையும்கூட அவள் விடாமல் அடித்தாள். வகுப்பு சிரித்தால் அந்தப் பெண்ணும் சிரிப்பாள், அரை மூச்சுப் பிந்தி. அந்த அரை மூச்சைத்தான் அக்கா தன் சாமர்த்தியத்துக்கு அளவாக வைத்திருந்தாள்.

முதல் தடவை லேப்டாப் விழுந்தது ஒரு ஜோக்கின் நடுவில். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெண் வெறும் திரையைப் பார்த்தாள், சிரிக்கிற முகங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், கடைசியில் அக்காவைப் பார்த்து என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். ஜோக் அக்காவுக்கு மறந்தே போயிருந்தது. வீடு வந்து சேரும் வரை அந்தப் புருவம் அவளை விடவில்லை.

அதற்குப் பிறகும் சில தடவை விழுந்தது, கடைசியாக ஒரு சமன்பாட்டின் பாதியில். அவளை வேலைக்கு எடுத்த பொறுப்பாளர் அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் குறையே இல்லை, ஆனால் அந்தப் பெண் இனிமேலும் பாடத்தை இழக்க முடியாது என்றார். திங்கட்கிழமை துறைத்தலைவர் வகுப்பு, அதில் பார்ப்போம், அதிலும் விழுந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று தன்மையாகத்தான் சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் அவள் நேரே போய் நின்றது தம்பி கடையில். கடைத்தெருவில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். டாக்டரும் சளைக்காமல் வைத்தியம் பார்த்தார். முதலில் சூடு என்றான், விசிறியைக் கழற்றித் தூசி ஊதினான். பிறகு சார்ஜர் என்றான். பிறகு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். அதற்கும் அடங்காதபோது பழியைத் தூக்கி அவள் மேலேயே போட்டான். லேப்டாப்பைப் பையில் போட்டு மூட்டை மாதிரிக் குலுக்கிக்கொண்டு போகிறாளாம், பஸ்ஸில் எங்கேயோ இடித்திருப்பாளாம். பாவி மகள் அதையும் நம்பினாள். பஞ்சு வைத்த பை வாங்கினாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்து, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் கைக்குழந்தை மாதிரித் தூக்கிப் பிடித்தாள்.

ரேம் ஏதாவது கெட்டிருக்குமோ என்று ஒருநாள் கேட்டாள். தகவல்களைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்கிற பட்டை அது, விரல் நீளம்தான் இருக்கும், அவளுடைய லேப்டாப்பில் இரண்டு உண்டு. டெஸ்ட் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, பளிங்கு மாதிரி இருக்கிறது என்றான் தம்பி. மெஷினுக்கு வயசாகிவிட்டது, அதை வைத்துக்கொண்டு மாரடிக்காதே என்று புத்திமதி வேறு.

அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கடையை ஆரம்பித்தபோது அவனுக்கு வேலை தெரியும், வாய் இல்லை. வாடிக்கையாளர் குரலை உயர்த்தினால் உள்ளே போய் ஒளிந்துகொள்வான். அப்போது கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொன்னது அக்காதான். கழற்றிய கெட்ட பாகங்களையும் நல்ல பாகங்களையும் அவன் ஒரே டப்பாவில் கலந்துவிட்டு அடிக்கடி மாட்டிக்கொள்வான். அதற்கும் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். தள்ளுபடியில் தெரியாத்தனமாக வாங்கிய நகப்பூச்சு ஒன்று அவளிடம் கிடந்தது. அடர்த்தியான கத்தரிப்பூ நிறம், பூசினால் நகம் கதவிடுக்கில் நசுங்கின மாதிரி இருக்கும். அந்தப் புட்டியைக் கடைக்குக் கொண்டு வந்து சட்டம் போட்டாள்: ஒரு பாகம் கெட்டது என்று தெரிந்த கணமே, கையை விட்டுக் கீழே வைப்பதற்கு முன்னால், அதன் மேல் ஒரு புள்ளி. அதற்குப் பிறகு கடையில் அந்தக் குழப்பம் வந்ததே இல்லை.

எதிர்ப்பக்கம் இன்னொரு பழுதுபார்க்கும் கடை இருந்தது. அதன் சொந்தக்காரருக்கு அக்காவும் தம்பியும் வைத்த பெயர் எதிரி. மனுஷன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை, எதிரே கடை வைத்ததுதான் குற்றம்.

சனிக்கிழமை மதியம், துணி காயப்போட்டுவிட்டு வந்த அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். ஆனது ஆகட்டும், நாமே பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று இணையத்தில் படித்திருந்தாள். முதலில் லேப்டாப்பிலேயே இருக்கிற ரேம் சோதனையைத் தட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், ரேமில் கோளாறு என்று திரை பட்டவர்த்தனமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நம்ப மாட்டீர்கள், அவளுக்கு வந்தது சந்தோஷம். தம்பி அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் விட்டிருப்பான் என்று அவனுக்காக அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடையில் ஏன் விழவில்லை என்பதும் இப்போது புரிந்தது. அங்கே பேருக்கு ஒரு படம் ஓட்டுவான், பட்டையின் நல்ல பகுதியே அதற்குப் போதும். வகுப்பில் எல்லாம் ஒன்றாக ஓடும்போதுதான் கெட்ட பகுதிவரை போய் மண்டையைப் போட்டிருக்கிறது. அடிமூடியைத் திருகித் திறந்து ஒரு பட்டையை மட்டும் விட்டுப் பார்த்தாள். எழுத்து மெதுவாக வந்ததே தவிர, விழவில்லை. அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டாள். அடிக்க ஆரம்பித்ததும் நீலம்.

கண்டுபிடிச்சிட்டேன்டா டாக்டர், என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு அந்தப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

பட்டையின் ஓரத்தில் பிளேடால் சுரண்டிய தடம் இருந்தது. சுரண்டியவன் அக்கறையாகத்தான் சுரண்டியிருந்தான். ஆனால் கீழே ஒரு சின்ன வெட்டு இருக்கும், பட்டையைத் திருப்பி மாட்டிவிடாமலிருக்க. அந்த வெட்டுக்குள் பிளேடு போகவில்லை. அங்கே கத்தரிப்பூ நிறம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

வேறு யார் கடையிலும் அந்த நிறம் கிடையாது. கீபோர்டில் ஒரு எழுத்து பெயர்ந்து வந்துவிட்டது என்று சில மாதம் முன்னால் லேப்டாப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் அது ஒருநாளும் விழுந்ததில்லை. சூடு, சார்ஜர், பை, பஸ், வயசு என்று அவன் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே காதில் பூச்சுற்றியிருக்கிறான். மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போன பஸ் பயணங்களை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு தம்பி கடைக்குப் போனாள். கடையில் ஆள் இல்லாத நேரம். அவள் பட்டையை அவன் முன்னால் நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். வெட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் பூசி மெழுகப் பார்த்தான், பிறகு கொட்டிவிட்டான். ஒரு அலுவலகத்து லேப்டாப்பில் ரேம் அவன் கையாலேயே வீணாகிவிட்டதாம். அன்று மாலையே திருப்பிக் கொடுத்தாக வேண்டுமாம். அவளுடையது மேசையில் திறந்து கிடந்ததாம். அவளுடையதை எடுத்து அவர்களுக்குப் போட்டுவிட்டு, டப்பாவில் கிடந்ததைச் சுரண்டி அவளுக்குப் போட்டானாம். இந்தப் பழைய வகை கிடைப்பது கஷ்டம், வந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தானாம்.

"அப்புறம் வரவே இல்லையா?" என்று கேட்டாள்.

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணு வந்துச்சுக்கா. ஆனா அன்னிக்கு வேற ஒருத்தர் வந்து கடையில நின்னு ஒரே சத்தம். அவருக்குப் போட்டுக் குடுத்துட்டேன்."

"நான் வகுப்புல ஒவ்வொரு தடவயும் அவமானப்பட்டு உங்கிட்ட வந்து நின்னேனே."

"நீ சத்தம் போடலயேக்கா," என்றான் தம்பி. "நீ போட மாட்டேன்னு தெரியும்."

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னான், கிட்டத்தட்ட பாசமாகவே சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஊரார் போட்ட சத்தத்தையெல்லாம் அவனுக்காக முன்னால் நின்று வாங்கிக்கொண்டவள் அவள். அதிலிருந்து பையன் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: சத்தம் போடுகிறவனுக்கு நல்லது, சத்தம் போடாதவளுக்குச் சுரண்டினது.

அலமாரி மேல்தட்டில் அந்தப் புட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துத் திறந்தாள். காய்ந்து கெட்டியாகியிருந்தது, ஆனாலும் பூசியது. அவன் கையிலிருந்த பட்டையை வாங்கி, சுரண்டிய இடத்தின் மேலேயே பெரிதாக ஒரு புள்ளி வைத்தாள். அதற்குப் பிறகுதான் மேசையில் கீழே வைத்தாள்.

"அக்கா, குடு. எங்கயாவது தேடிப் பிடிச்சு நாளைக்குள்ள நானே மாத்தித் தரேன்," என்று பைக்குக் கை நீட்டினான்.

அவள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவைக் கடக்க அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. முதுகுக்குப் பின்னால் அவன் வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

எதிரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் கடைப்படியை அவள் மிதிப்பது இதுதான் முதல் தடவை. இந்த வகை ரேம் ஒன்று வேண்டும், திங்கட்கிழமைக்கு ஓடியாக வேண்டும் என்றாள். அவர் இழுப்பறைகளைக் குடைந்து ஒரு பட்டையை எடுத்தார். பழசுதான், ஆனால் சோதித்து வைத்தது என்றார், விட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

"இல்லங்க. நான் இங்கயே உக்காந்து பாத்துக்குறேன்."

அவர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அடிமூடியைத் திருப்பி வைத்துவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற தம்பியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். கேட்காமலிருக்க அவரால் முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எதிர்க்கவே உங்க தம்பி கடை இருக்கு. எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"அவன் எனக்குத் தம்பி," என்றாள் அக்கா. "நீங்க எனக்கு யாருமில்ல. அதான் வந்தேன்."

எதிரி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.