லேத் நுழைந்த வாசல்

வேதசிரோமணி ஒரு நூல்கூடப் பிசகாமல் அளக்கிறவர். ராஜபாளையத்து மில் ஒன்றின் பட்டறையில் பதினேழு வருஷம் லேத்தில் இரும்பு கடைகிற டர்னராக இருந்தார். அவர் கடைந்து கொடுத்த புஷ் வளையத்தை மேஸ்திரி மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போவார். அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த வீட்டு விஷயத்தில் அளந்த அளவை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் குடியிருந்த தெரு இன்னும் மறக்கவில்லை. அவர் மனைவி தேவகிருபையும் மறக்கவில்லை. ஆனால் சும்மா சும்மா அதைச் சொல்லிக் காட்ட மாட்டாள், தேவைப்படும்போது மட்டும் எடுப்பாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஜனவரி மாதம் மில்காரர்கள் பட்டறையை மூடினார்கள். கணக்கை முடித்துக் கையில் கொடுத்த பணத்தை வைத்துக்கொண்டு வேதசிரோமணி ஒரு வாரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் தேவகிருபை கொல்லையில் நின்ற முருங்கையை வெட்டிச் சாய்த்தாள்.

"எதுக்குட்டி மரத்த வெட்டுத?"

"பட்டறை போட எடம் வேணும்லா. லேத்து ஓட்டத் தெரிஞ்ச ஆளு வீட்டுல இருக்கு. லேத்துதான் இல்ல."

அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் இரண்டு வருஷம் பம்பாயில் வேலை பார்த்தார். திரும்பி வந்தபோது மூத்த மகள் அவரைப் பார்த்து, "அந்த மாமா எப்பம் போவாக?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டது தேவகிருபைக்கு மட்டும் தெரியும். இன்னொரு தடவை அந்த ஆளைப் பஸ் ஏற்றி அனுப்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

லேத்துக்கென்று ஒரு தொகையை எடுத்து வைத்தபின் மிச்சமிருந்ததில் புதுச் செங்கல் வாங்க வழியில்லை. பஞ்சு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்றை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு வண்டிச் செங்கல் பேசி முடித்தாள். சத்துணவுக் கூடத்துச் சமையல் வேலையை முடித்துவிட்டு வந்து, தினமும் பொழுது சாய்கிற வரைக்கும் பழைய அரிவாளின் முதுகால் ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த காரையைத் தட்டி எடுத்தாள். ஆலங்குளம் சிமெண்ட் நாலு மூட்டைதான் வாங்க முடிந்தது. அது முழுக்க லேத் உட்காரப்போகிற தரைக்கே போயிற்று. சுவர் மண்சாந்தில் எழும்பியது. கூரைக்குப் பனங்கட்டையும், ஓரம் உடைந்ததால் மலிவாகக் கிடைத்த ஆஸ்பெஸ்டாஸ் தகடும் வந்தன. ஜன்னலுக்குக் கம்பி வாங்கக் காசு பற்றாமல் சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட முன்ஃபோர்க்குகளை வரிசையாக நட்டு வைத்தார் வேதசிரோமணி. பார்க்க விசித்திரமாக இருந்தாலும் ஒரு திருடன் நுழைய முடியாது. மூன்று பேஸ் கரண்டுக்காக அவர் நடந்த நடையில் ஒரு ஜோடிச் செருப்பு தேய்ந்தது.

ஜூலையில் கரண்டு வந்த அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்து கடுதாசியும் வந்தது. பழைய கூட்டாளி ஒருவர் ஒரு ஃபவுண்டரியில் சொல்லி வைத்திருந்தார். ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலை ஷிப்டில் சேர வேண்டும். சம்பளம் மோசமில்லை.

"பதினஞ்சாந் தேதிக்குள்ள லேத்து ஓடலைன்னா நான் பஸ் ஏறிருவேன்" என்றார் வேதசிரோமணி. "ஏழு மாசமா ஒன் சோத்தத் தின்னுட்டு இருக்கேன். போதும்."

அவள் கடுதாசியை வேதப்புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். "ஓடும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் நாலாம் தேதி லேத் வந்தது. பாகங்களெல்லாம் உட்காருகிற ஆறடிப் படுகை, வார்ப்பிரும்புக் கால், பழசுதான். ஆனாலும் ஏழு பட்டறைகளில் தேடி, தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்தது. டிராக்டர் டிப்பரிலிருந்து தெருவில் இறக்கியபோது தெருவே கூடிவிட்டது. வேதசிரோமணி டேப்பை இழுத்துக்கொண்டு பெருமையாக நின்றார். வீட்டை ஒட்டி ஒரு முடுக்கு உண்டு, அது வழியாகத்தான் கொல்லைக்குப் போக வேண்டும். முடுக்கின் அகலத்தை அவர் முப்பது இடத்தில் அளந்து சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். லேத்தின் அகலத்தையும் அளந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம் இடைவெளி. ஒரு குறையும் கிடையாது.

உருளைக் குழாய் போட்டு நாலு பேர் தள்ளினார்கள். லேத் முடுக்குக்குள் நாற்பதடி சொகுசாகப் போனது. அதற்கப்புறம் முடுக்கு, பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளின் வீட்டு மூலையில் வலதுபக்கம் திரும்பியது. லேத் திரும்பவில்லை. மூன்றடிச் சந்தில் ஆறடிச் சாமான் எப்படித் திரும்பும்? பதினேழு வருஷமாக நேர்கோட்டில் இரும்பைக் கடைந்த மனிதர் அகலத்தை முப்பது தடவை அளந்தார், திருப்பத்தை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஆவுடையம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "என் வீட்டு மூலைய இடிக்கணும்னா சொல்லு ராசா, நான் வேணா மாடியில ஏறி நின்னுக்கிடுதேன்" என்றாள். அவள் வீட்டுக்கு மாடியே கிடையாது. கூடியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேதசிரோமணியின் காது மடல் சிவந்துபோயிற்று.

லேத்தைப் பின்னாலேயே இழுத்துத் தெருவில் வைத்தார்கள். தனித்தனியாகக் கழற்றிக்கொண்டு போகலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, மோட்டாரையும் பின்தலையையும் கழற்றலாம், இரும்பைப் பிடித்துச் சுழற்றுகிற முன்தலையைப் படுகையிலிருந்து பிரித்தால் மறுபடி நேராக உட்கார வைக்க ஒரு மாசமாகும் என்றார் வேதசிரோமணி. ஒரு மாசம் அவரிடம் இல்லை. தூக்குவதற்கு ஆள் பார்க்கலாம் என்றால், அப்படிப்பட்ட கனத்தை நகர்த்தத் தெரிந்த உக்கிரபாண்டி கோயில் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர். தேர் நிலைக்கு வந்து சேருகிற வரை அவர் வேறு எதிலும் கை வைக்க மாட்டார். அதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

மலைப்பக்கமிருந்து தினமும் சாரல் அடித்தது. வேதசிரோமணி தார்ப்பாயைத் தூக்கி, காலையும் மாலையும் படுகைக்கு எண்ணெய் தடவினார். ஆறாம் நாள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். தேவகிருபை அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாளின் கருப்புக்கோழி ஒரு வாரமாக ராத்திரியில் லேத்தின்மேல்தான் அடைந்து வந்தது. அது கீழே குதித்து, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, நடுக்கூடமான பட்டாசாலையைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, கொல்லையில் போய்ப் பட்டறை வாசலில் நின்று கிளறியது. எங்கும் திரும்பவில்லை. தேவகிருபை தெருவில் நின்றபடியே பார்த்தாள். பட்டறையின் சிமெண்ட் தரை வரைக்கும் பார்வை தடையில்லாமல் போயிற்று. வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடி டேப்பை எடுத்தாள்.

முன்வாசலும் பின்வாசலும் இரண்டே காலடி. லேத் இரண்டு அடி ஏழு அங்குலம். கதவு நிலையைக் கழற்றிவிட்டால் மூன்றடிக்கு மேலே கிடைக்கும்.

வேதசிரோமணி கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "ஒங்கப்பா வச்ச நிலைட்டி அது. உபதேசியார் வந்து ஜெபம் பண்ணி வச்சது. குடியிருக்க வீட்டுல முன்வாசல் நிலையப் பேக்க மாட்டாக. எவனும் செய்ய மாட்டான்."

சத்தம் கேட்டு வந்த ஆவுடையம்மாளும் இந்தத் தடவை கேலி பேசவில்லை. "கிருபை, அவிய சொல்லுதது சரிதான். நிலைய எடுத்தா குடும்பம் நிக்காதுன்னு எங்க பக்கமும் சொல்லுவாக. ஒங்க சாமி வேற எங்க சாமி வேறயா இருக்கலாம், வாசல் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்றாள்.

தேவகிருபைக்கும் அந்த நிலை லேசுப்பட்டதல்ல. அப்பா செண்பகத்தோப்புப் பக்கம் போய் வேங்கை மரம் பார்த்து வாங்கி வந்து செய்தது. அவர் சவப்பெட்டி அதைத் தாண்டித்தான் வெளியே போனது. மகள்கள் வளர வளர உயரத்தைக் கோடு போட்டு வைத்திருப்பதும் அதில்தான். அவள் அந்தக் கோடுகளைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நிலையப் பேத்தா குடும்பம் கலைஞ்சிரும்கீக. பதினஞ்சாந் தேதி நீங்க பஸ் ஏறுனா அதுக்குப் பேரு என்ன?"

அவர் கண் டிரங்குப் பெட்டியின்மேல் போயிற்று.

"முடுக்க முப்பது தடவ அளந்தீகளே, நான் ஒரு வார்த்த சொன்னேனா? இத நான் அளந்திருக்கேன். நீங்க சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல."

உக்கிரபாண்டியின் வீட்டுக்கு அவளே போனாள். தேர் முந்தின நாள்தான் நிலைக்கு வந்திருந்தது. மனிதர் தோளெல்லாம் வீங்கி, வெந்நீர் ஒத்தடத்தில் கிடந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "நாலு ரத வீதி திருப்பத்துல தேரத் திருப்புத ஆளுக்கு ஒரு நேர் வழி பெரிசா, அக்கா? நாளைக்கு விடிய வாரேன். ஆனா நிலையில மொத அடி நான் போட மாட்டேன். வீட்டு ஆளுதான் போடணும்."

மறுநாள் விடிந்தபோது தேவகிருபை தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வேதசிரோமணி பட்டாசாலையில் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். என்ன ஜெபித்தாள் என்று அவளுக்கே பின்னால் ஞாபகமில்லை. கடப்பாரையை நிலைக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்து ஓங்கிக் குத்தினாள். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவது குத்து, மூன்றாவது குத்து. நாலாவது குத்துக்குக் கடப்பாரையை ஓங்கியபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்தது.

"இப்படிக் குத்துனா மரம் பிளந்துரும்" என்றார் வேதசிரோமணி. "கீழருந்து நெம்பணும். தள்ளு."

ஒன்பது மணிக்கு நிலை முழுசாக வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றது. மகள்களின் கோட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. பின்வாசல் நிலைக்கு யாரும் ஜெபம் பண்ணியிருக்கவில்லை, அதனால் அது அரைமணி நேரத்தில் வந்துவிட்டது. கதவைக் கழற்றும்போதுதான் தெரிந்தது, முன்கதவு சுழல்கிற மரக்குடுமி இரண்டையும் உள்ளுக்குள் கரையான் தின்று முடித்திருந்தது. தொட்ட இடம் மாவாக உதிர்ந்தது.

பலகை விரித்து, குழாய் உருட்டி, உக்கிரபாண்டியும் மூன்று பேரும் லேத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். அவர் தள்ளவே இல்லை. குனிந்தபடி பக்கத்திலேயே நடந்து, ஓரம் சாய்கிற இடத்தில் ஆப்புக்கட்டையைக் காலால் தள்ளி வைத்தார். அவ்வளவு கனமும் அந்தக் கட்டை சொன்ன பேச்சைக் கேட்டது. அடுப்படி தாண்டி இறங்குகிற ஒன்றரையடிப் படியில் மட்டும் லேத் முன்பக்கமாகக் குப்புறச் சாய்ந்தது. வேதசிரோமணி "ஏசுவே" என்றார். உக்கிரபாண்டி கட்டையை வைத்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாய்ந்த லேத் நின்று, யோசித்து, படிக்கு அணைத்துக் கொட்டியிருந்த மண்மேட்டில் மெதுவாக இறங்கியது. பட்டறை வாசலுக்குள் அது நுழைந்தபோது, அங்கேயும் இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம் சரியாக இருந்தது.

அடுத்த மூன்று நாளும் வீட்டுக்குக் கதவு இல்லை. நாய் உள்ளே வந்து போயிற்று. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அடுப்படியில் என்ன கொதிக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். கொத்தனார் நிலையைத் திரும்ப நிறுத்தி முட்டுக் கொடுத்துவிட்டு, கதவை மாட்டக் குடுமி வேண்டும் என்று சொல்லிப் போனார். வேதசிரோமணி லேத்தைச் சமமாக நிறுத்தப் பட்டறைக்குள் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். சோறு தண்ணி மறந்தார். டிரங்குப் பெட்டி பட்டாசாலையிலேயே இருந்தது. அவர் அதைத் திரும்பப் பரணில் வைக்கவில்லை, தேவகிருபையும் வைக்கச் சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி பிற்பகலில் மோட்டார் உறுமியது. தேவகிருபை பட்டறை வாசலுக்கு வந்தாள். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கு சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. வேதசிரோமணி காதைப் படுகைக்கு அருகில் வைத்துக் கேட்டார்.

"ஓடுதா?" என்றாள்.

"ஓடுது. ஆனா ஒரு வேலைய முழுசாக் கடஞ்சு பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. சத்திரப்பட்டித் தறிக்காரவிய புஷ்ஷு கேட்டிருக்காக. அத மொதல்ல..."

"மொத வேல எனக்கு" என்று அவள் கரையான் தின்ற மரக்குடுமியின் மிச்சத்தை அவர் கையில் வைத்தாள். "இதே அளவுல இரும்புல ரெண்டு. சாயந்தரம் வாசல் சாத்தணும்."

அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காலிப்பர்ஸை எடுத்தார். இரும்புச் சுருள் நீலம் பாரித்துச் சுருண்டு சுருண்டு விழுந்தது. இரண்டு மணி நேரத்தில் வெதுவெதுப்பு மாறாத இரண்டு குடுமியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

கோயம்புத்தூர் பஸ் ஏழரைக்கு. ஆறே முக்காலுக்குக் கதவை மாட்டி முடித்தார்கள். வேதசிரோமணி கை கழுவிவிட்டு வந்து டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பெட்டியைக் குனிந்து பார்த்தார். அதைத் திறந்து, மடித்து வைத்திருந்த சட்டைகளை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்தார்.

"கடுதாசி எங்க? விலாசம் வேணும்" என்றார். "வரலைன்னு எழுதிப் போட்டுருதேன். அவனும் ஆள எதிர்பாத்துட்டு இருப்பான்."

தேவகிருபை வேதப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பிறகு வாசலுக்குப் போய்க் கதவைத் தள்ளினாள். பத்து வருஷமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கதவு சத்தமே இல்லாமல் வந்து நிலையில் பொருந்தியது. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். ஆள் உள்ளே இருந்தார்.