தாண்டிப் போன சைரன்

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்து கிடந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாகியிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. இதோ, சைரன் காதைப் பிளக்கிறது.

“வந்துட்டாங்க,” என்று அண்ணன் வாசல் கதவை விரியத் திறந்தான்.

பாட்டு டீச்சரான அம்மா முகம் சுளித்தாள். “என்ன சைரன்டா இது? சுருதி சட்டுன்னு இறங்கிடுச்சு.”

பத்தாம் வகுப்புத் தங்கை நிமிர்ந்தாள். “சத்தம் குறைஞ்சுதா, சுருதி இறங்குச்சாம்மா?”

“எனக்கே பாடமாடி? சுருதிதான்.”

“அப்ப வண்டி நம்மளத் தாண்டிடுச்சு. அண்ணா, டிரைவருக்குப் போன் போடு.”

“இவ்வளவு பக்கத்துல கேக்குது, லூசு.”

“பக்கத்துலதான். ஆனா விலகிப் போகுது. நம்மகிட்ட வர்றப்ப ஒலி அலையெல்லாம் நெருக்கியடிச்சுட்டு வரும், சுருதி ஏறி நிக்கும். விலகிப் போனா அலை தள்ளித் தள்ளி வரும், சுருதி இறங்கிடும். போடுண்ணா.”

அண்ணன் டிரைவர் நம்பரை அழுத்தி, போனை அவளிடமே நீட்டினான்.

“எங்க தெருவைத் தாண்டிட்டீங்க. திரும்புங்க.”

“வண்டியைப் பார்த்தியாம்மா?”

“கேட்டேன். திரும்புங்கண்ணே.”

எங்கோ பிரேக் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரெச்சர் வீட்டுக்குள் வந்தது. அப்பா முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் ஏறியது.

“மெதுவாப்பா,” என்று மாஸ்க்குக்குள்ளிருந்து முனகினார். “நான் பீரோ இல்ல.”

“வாய் இவ்வளவு நல்லா இருக்கே, பொழச்சுக்குவீங்க சார்,” என்று டிரைவர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்.