ஒரு அடி அதிகம்

நீர்த்தேக்கத்தின் அளவுக் கம்பத்துக்கு வண்ணம் பூசச் சொன்னார்கள். நான் முதல் வேலையாகப் பழைய எண்களை ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்தேன். அவ்வளவு சுத்தமாக வேறெந்த வேலையும் நான் செய்ததில்லை. தூரிகையை முக்கிய பிறகுதான், எந்தக் கோட்டில் எந்த எண் இருந்தது என்று தெரியாதது உறைத்தது.

ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தேன். எனக்குப் பதிலாக அளவு பார்த்தவர் குறிப்பேட்டை அலுவலகத்தில் வைத்திருந்தார். அலுவலகம் கரையோடு இரண்டு கிலோமீட்டர். நல்ல வெயில். படகில் உட்கார்ந்தபடியே யோசித்தேன். தண்ணீர் தொடும் கோடு பதினொன்றாகத்தான் இருக்கும் என்று மனசு சொன்னது. அதை நம்பி மேலும் கீழும் எண்களைப் போட்டுவிட்டேன். எழுத்து மட்டும் மணிமணியாக வந்தது.

சாயங்காலம் குறிப்பேட்டைத் திறந்தால் முந்தின நாள் அளவு பத்து. திரும்பிப் போய் அழித்து எழுதியிருக்கலாம். பதிலாக, "பதினொன்று, மேற்கே எங்கோ மழை" என்று எழுதினேன். ஒரு மேகம்கூட இல்லாமல் ஒரே நாளில் ஒரு அடி ஏறிய நீர்த்தேக்கம் எங்களுடையது ஒன்றுதான். தெருவில் என்னைப் பார்த்து ஆளாளுக்குச் சந்தோஷமாகச் சிரித்தார்கள், மழையை நானே கூட்டி வந்ததுபோல. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த அளவை நம்பித்தான் பொறியாளர், அடுத்த மழைவரை வீடுகளுக்குத் தினமும் தண்ணீர் உண்டு என்று அறிவித்தார். வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். கணக்கில் புலி.

ஐந்து மாதம் கழித்துக் குழாய்கள் இருமின. அளவு நான்குக்கு இறங்கினால்தான் மோட்டார் காற்றை இழுக்கும். கம்பத்தில் ஐந்து இருக்கும்போதே இழுத்தது. மோட்டார் ஓட்டுபவர் என் மனைவியின் தம்பி. அவர் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஆழத்தை அளந்து, கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாளிலிருந்து நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்றானது. பெண்கள் குடங்களோடு அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். மேலிடம் பொறியாளரிடம் விளக்கம் கேட்டது.

பத்தொன்பது வருட வேலை, அதோடு சேர்ந்த இரண்டு அறை வீடு. பொறியாளர் விளக்கத்தில் என்ன எழுதுகிறாரோ அதில் இருந்தது எல்லாம். அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். நானோ ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தேன். என் பேரை எழுதுவாரா என்று மச்சானைக் கேட்டேன். எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம் என்றார். அலுவலக எழுத்தர் தனக்குத் தலைவலி என்றார். மனைவி, முதலில் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்ட பிறகு, பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை என்றாள்.

மூன்றாம் நாள் பொறியாளரின் அறைக்குப் போனேன். மேசைமேல் குறிப்பேடு, நான் மழை என்று எழுதிய பக்கத்திலேயே திறந்திருந்தது. நான் வண்ணத்தின் தரத்தில் ஆரம்பித்து, வெயில், காய்ச்சல் என்று போய்க்கொண்டிருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். எனக்கே அலுத்து நிறுத்தினேன்.

"மேடம், என் பேரை எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். கூடவே, ஒரு வருஷமா நான் ஒரு தடவைகூட கம்பத்துப் பக்கம் போய்ப் பார்க்கலன்னும் எழுதியிருக்கேன். உங்களுக்கு இனிமே அளவு பார்க்கிற வேலை கிடையாதுண்ணே. வால்வு திறக்கிற வேலை காலியா இருக்கு, அதுக்குக் கேட்டிருக்கேன். சம்பளம் குறையும். வீடு இருக்கும். மழைன்னு எழுதாம அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."