ஈரக்குடையின் ஓட்டு

போயும் போயும் அந்த மருந்துக்கடைப் பையனா? மூன்று அத்தியாயமாக அவளுக்கு இருமல் மருந்து கொண்டுவந்து கொடுத்தான், சரி. இருமல் நின்றால் போதாதா? அதற்காக மனதையுமா கொடுக்க வேண்டும்?

மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கண்ணாடியின் காலை வளைத்துச் சரிசெய்தபடி அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். "அழுத்துதா சார்?" என்று வாய் கேட்டது. மனம் அந்த நாவலின் இன்னொரு பையனான படகோட்டியிடம் இருந்தது. பொய்யன்தான். ஆனால் அவன் வந்தால் பக்கம் தானாகப் புரளும்.

பதின்வயதினருக்கான நாவல்கள் என்றால் உயிரை விடும் வலைப்பூக்காரர்களின் கூட்டம் ஒன்று உண்டு. எல்லாருக்கும் புனைபெயர். அவள் பெயர் ஈரக்குடை. வாசலோடு நிறுத்திவைக்கிற பொருள் என்று கல்யாணமான புதிதில் கசப்போடு வைத்துக்கொண்டது. கசப்பு பாதி உலர்ந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மாதம் ஒரு நாவலை எல்லாரும் சேர்ந்து படிப்பார்கள். கடைசி அத்தியாயத்தைத் திறக்கும் முன், கதாநாயகி யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஓட்டெடுப்பு. தோற்ற கட்சியின் தலைவி, தனக்குப் பிடிக்காதவனைப் புகழ்ந்து முழுப் பதிவு ஒன்று எழுதியாக வேண்டும். போன முறை ஈரக்குடை தோற்றாள். ஓயாமல் அழுகிற ஒரு வயலின்காரனைப் புகழ்ந்து எழுதி முடிப்பதற்குள் பல்வலியே வந்துவிட்டது. ஜெயித்தவள் கட்டெறும்பு.

கட்டெறும்பு யார் என்பது அவள் வலைப்பூவில் போட்ட ஒரு படத்தில் தெரிந்துபோனது. புத்தகத்தின் பக்கத்தில் அழகுக்காக ஒரு தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்த படம். கோப்பையின் கைப்பிடியில் நீல நிறப் பசை. ஈரக்குடையே தன் கடையிலிருந்து பசை கொண்டுவந்து ஒட்டியது. படத்தின் ஓரத்தில், கட்டம்போட்ட அரைக்கால்சட்டைக்குக் கீழே ஒரு முழங்கால். சந்தேகமே இல்லை, அந்த முழங்காலுக்குச் சொந்தக்காரரிடம்தான் அவள் கழுத்தை நீட்டியிருந்தாள்.

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படமெடுக்க அந்த வீட்டில் மிச்சமிருப்பது ஒருத்திதான். ஆக, கட்டெறும்பு அவளுடைய நாத்தனார். அடுத்த அறை.

அவள் சொல்லவில்லை. வீட்டில் அவர்களுடைய பேச்சு, "அண்ணி, பால் இருக்கா?" "இருக்கு" என்பதோடு முடிந்துவிடும். வலைப்பூவிலோ, "உன் ரசனையைக் கொண்டுபோய்க் கடல்ல போடுடி" என்பதுதான் வணக்கம். யாரென்று தெரிந்துவிட்டால் மரியாதை வந்துவிடும். 'நீங்க' வந்துவிடும். உலகத்தில் அவளை "போடி லூசு" என்று சொல்ல இருப்பது ஒரே ஒருத்தி. அவளையும் இழப்பதா?

போன வாரம் கட்டெறும்பு தனிச்செய்தியில் எழுதியிருந்தாள்: 'எங்க அண்ணி நல்லவங்கதான். ஆனா சுவர் மாதிரி. எது சொன்னாலும் சரிம்பாங்க.'

ஈரக்குடை பதில் போட்டாள்: 'சுவருக்கும் காது இருக்குடி. போய்ப் பேசித்தான் பாரேன்.' அனுப்பிவிட்டு, சுத்தமாக இருந்த அடுப்பு மேடையைத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

அந்த அறிவுரை இன்று மாலை சமையலறைக்குள் நடந்து வந்தது.

"அண்ணி, ஒரு உதவி. ஒரே ஒரு ஓட்டு வேணும்."

"எலக்‌ஷன்ல நிக்கிறியா?"

"அதைவிடப் பெரிசு!" நாத்தனார் மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள். இதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை. "ஒரு கதை. அதுல ரெண்டு பசங்க. நான் மருந்துக்கடைப் பையன் கட்சி. எதிர்க்கட்சியில ஈரக்குடைன்னு ஒருத்தி. தலைக்கனம்னா தலைக்கனம், அப்படி ஒரு தலைக்கனம். இப்ப ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி. நீங்க புதுசா ஒரு கணக்கு திறந்து எனக்கு ஓட்டுப் போட்டா, அவ காலி."

"அவ்வளவு மோசமா அவ?"

"நாக்குல நெருப்பை வச்சிருக்கா." காலை ஆட்டிக்கொண்டே யோசித்தாள். "ஆனா அவ எழுதாத நாள் உப்புச்சப்பில்லாம போயிடும் அண்ணி. அதுக்காக ஜெயிக்க விட்டுட முடியுமா?"

ஈரக்குடை குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். முகத்தை மறைக்க ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"நான் புத்தகம் படிச்சேனான்னு கேப்பாங்களே?"

"யாரு கேக்கப் போறா? 'நல்ல பையன்'னு ஒரு வரி எழுதுங்க, போதும். நீங்கதான் எதுக்குமே முடியாதுன்னு சொல்ல மாட்டீங்களே!"

சுருக்கென்றது. 'சரி' நாக்கு நுனிக்கு வந்து நின்றது, பழகிய நாய்க்குட்டி மாதிரி. சொல்லிவிட்டால் ரகசியம் பிழைக்கும். நாளைக்கும் 'போடி லூசு' வரும். ஆனால் தன்னையே தோற்கடிக்கத் தானே கள்ள ஓட்டுப் போடுவதா? அதுவும் அந்தப் பையனுக்கா? சுவர் சுவராகவே நிற்பதற்கு இவ்வளவு விலையா?

நீலப் பசை ஒட்டிய கோப்பையைத் துடைத்து, மெதுவாகக் கவிழ்த்தாள்.

"மாட்டேன்."

"ஏன் அண்ணி?"

"இருமல் மருந்து கொடுத்தவனுக்கெல்லாம் ஓட்டுப் போட முடியாதுடி" என்றாள், குரலை உயர்த்தாமல்.