ஹெல்கா அம்மாவின் கடைசி ஸ்லைடு

ஊருக்குத் திரும்ப மூன்று வாரம் இருக்கும்போது ஹெல்கா அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வந்தது. வேப்பமரத்தைப் பார்த்தால் அழுகை, இட்லியைப் பார்த்தால் அழுகை. டென்மார்க்கிலிருந்து மிஷன் நர்ஸாக வந்து, குத்தம்பாக்கத்துப் பக்கம் தொழுநோய் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் புண் கழுவியவர். தமிழில் "மருந்து சாப்ட்டியா", "ஸ்தோத்திரம்" இரண்டையும் தாண்டவில்லை. நல்லவர்தான். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் தப்பிப்பது கஷ்டம்.

மற்றதையெல்லாம் ஞானகுமாரி மொழிபெயர்த்தாள். அவள் அங்கே நோயாளியாக இருந்த முனியம்மாவின் மகள். நாலு வயதில் தாயிடமிருந்து பிரித்து, பூந்தமல்லி ஹாஸ்டலில் போட்டு, புதுப் பெயர் வைத்துப் படிக்கவைத்தவர் ஹெல்கா. முனியம்மாவுக்கு நோய் குணமாகிவிட்டது, விரல்கள்தான் திரும்பி வரவில்லை. மகள் வெளியுலகத்துக்கு அநாதையாகவே வளர்ந்தாள்.

இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஜேம்ஸ், ஆவடியில் ஃபிட்டர். அவன் அம்மா தெரசா பெண் பார்க்க வந்தபோது நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. "பரம்பரைல வியாதி எதுனா கீதா? அத்த மட்டும் மறைக்காம சொல்லிடு" என்றாள். இல்லை என்றாள் ஞானகுமாரி. அப்பாவும் அம்மாவும் காலராவில் போய்விட்டார்கள் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

கரையான்சாவடி சர்ச்சில் ஹெல்காவுக்குப் பிரிவுபசாரக் கூட்டம். பழைய படங்களை ஸ்லைடு போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. அதில் ஒன்று, கையில் கட்டுப் போட்ட முனியம்மா மடியில் நாலு வயது மகளை வைத்திருப்பது.

"அது ஒன்றை மட்டும் காட்டாதீர்கள்" என்று ஞானகுமாரி கெஞ்சினாள். ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றார் ஹெல்கா. மறுநாள் காபி குடித்துக்கொண்டே, கர்த்தர் காட்டச் சொல்லிவிட்டார் என்றார். "இதில் என்ன வெட்கம்? என் பதினெட்டு வருஷத்துக்கு நீதானே சாட்சி." ஹெல்கா அம்மா நினைத்ததற்கு மாறாகக் கர்த்தர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஞானகுமாரி தாயிடம் ஓடினாள். "நீயாவது வராதம்மா. மாப்பிள்ளையோட அம்மா வர்றாங்க."

"என் கால கழுவின மகராசி ஊருக்குப் போவுது. கடைசியா ஒரு தபா பாக்க வாணாவா?" என்றாள் முனியம்மா. "பின்னால குந்திக்கினு கீறேன். உன்ன ஏறெடுத்துகூடப் பாக்க மாட்டேன், போ."

கூட்டத்தன்று ஜேம்ஸுக்கு ஷிப்ட். தெரசா மட்டும் பட்டுப்புடவையில் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கடைசியில், கதவோரம் தனிப் பாய். ஒவ்வொரு படமாக வந்தது. ஹெல்கா இங்கிலீஷில் சொல்ல, ஞானகுமாரி தமிழில் சொன்னாள். கடைசிப் படம் வந்ததும் ஹெல்காவின் குரல் தழுதழுத்தது.

"இந்தக் குழந்தை இன்று என் பக்கத்தில் நிற்கிறாள். அவளைப் பெற்றவளும் இங்கே இருக்கிறாள். முனியம்மா, எழுந்திரு!"

பெயர் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. அதை மறைக்க முடியாது. எல்லோரும் ஞானகுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் குழந்தை அந்த வருஷமே இறந்துவிட்டது" என்றாள் கணீரென்று. "அதன் தாயார் முனியம்மா இங்கேதான் இருக்கிறார். தயவுசெய்து எழுந்து நிற்கவும்."

போதகர் ஜெயபாலுக்கு இங்கிலீஷும் தெரியும், விஷயமும் தெரியும். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பாயில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் இருமக்கூட இல்லை.

முனியம்மா எழுந்தாள். தெரசா திரும்பிப் பார்த்து, பரிதாபம் தாங்காமல் கேட்டுவிட்டாள்: "அடப்பாவமே, புள்ள பூடுச்சாம்மா?"

"ஆமாங்க" என்றாள் முனியம்மா. "இந்தக் கையாலதான் மண்ணு தள்ளுனேன்."

விரலில்லாத அந்தக் கையை அவள் தூக்கிக் காட்டியதும் பெண்கள் அழுதார்கள். ஹெல்காவும் அழுதார். என்ன சொன்னாள் என்று கேட்டார். கடவுளுக்கு நன்றி சொன்னாள் என்று ஞானகுமாரி மொழிபெயர்த்தாள்.

கூட்டம் முடிந்து எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு கேட் ஓரத்தில். தெரசா மருமகளின் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாள். "துக்கம் கேட்டுட்டு வந்துடலாம் வா. பெத்த வயிறு எரியும்ல. கிட்ட மட்டும் போவாத."

இவர்களைப் பார்த்ததும் ஹெல்கா கேமராவோடு ஓடி வந்தார். ஊருக்குக் கொண்டுபோகக் கடைசியாக ஒரு படம் வேண்டும். ஞானகுமாரியை முதுகில் தள்ளி, கட்டிப் பிடி, கட்டிப் பிடி என்று கைஜாடை காட்டினார்.

"ஐயோ, தொடாத!" என்று தெரசா கத்தினாள்.

ஞானகுமாரியின் கை பாதியில் நின்றது. முனியம்மா தானாகவே பின்னால் நகர்ந்து, கையிரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வருத்தப்படாதீங்கம்மா" என்றாள் மகள். அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"அதெல்லாம் எப்பவோ அழுது முடிச்சிட்டேன்" என்றாள் முனியம்மா. பிறகு தெரசாவைப் பார்த்தாள். "தாயில்லாப் பொண்ணாமே. நல்லா பாத்துக்கங்கம்மா. காரம் துன்னாது."

"அது உனுக்கு எப்டித் தெரியும்?" என்றாள் தெரசா.

"மூஞ்சப் பாத்தாலே தெரியுதுங்க."

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஹெல்கா அம்மா சிரிக்கச் சொன்னார். ஞானகுமாரி அதையும் தமிழில் சொன்னாள். முனியம்மா சிரித்தாள்.